நான்காவது குழி

என் அக்கா புருஷன் சுவோதுர் முப்பது வருடம் எங்கள் ஊருக்குச் சவக்குழி வெட்டினார். நான் அவருக்குத் துணை. துருவத்தை ஒட்டிய எங்கள் யானா ஆற்றங்கரை மண் நடுக்கோடையிலும் ஒரு முழத்துக்குக் கீழே இளகாது. குளிர்காலத்தில் ஒருவருக்குக் குழி வேண்டுமென்றால் நாலைந்து நாள் விறகு எரித்து, இளகிய மண்ணைச் சாண் சாணாக அள்ள வேண்டும். அதனால் யாருக்கென்று தெரியாமலே செப்டம்பரில் மூன்று குழி வெட்டி வைத்துவிடுவோம். போதாமல் போனதுண்டு, மிஞ்சியதில்லை. திறந்த குழி ஆள் கேட்கும் என்பார்கள்.

“கேட்டா குடுப்போம், ஊர்ல கிழவனுக்கா பஞ்சம்?” என்று சிரிப்பார் சுவோதுர்.

ஒரு வருடம் ஆளுக்கொரு பக்கமாக வெட்டியதில் கணக்குத் தவறி நான் ஒன்றைக் கூடுதலாக வெட்டிவிட்டேன். என் மடத்தனம். “கெடக்கட்டும் விடுடா” என்றார்.

மார்ச்சுக்குள் மூன்று குழி நிரம்பிவிட்டது. அவர் மகள் மாயிஸ், பத்தொன்பது வயது, இருமி இருமி ரத்தம் துப்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய விமானம் பனிப்புயலில் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்க்காமல் ஜன்னல் வழியே இடுகாட்டு மேட்டையே பார்த்தார்கள். கடைக்கார அக்சீனா வாயை அடக்காமல், “உங்க குழி இன்னும் பட்டினிதானா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை மேட்டில் புகை எழுந்தது. அங்கே புகை என்றால் சாவு. அக்சீனா அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“நான் இன்னும் சாகல அத்தை. வந்ததுக்கு ஒரு டீ போடுங்க” என்றாள் மாயிஸ்.

நான் மேட்டுக்கு ஓடினேன். சுவோதுர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கல்லாக உறைந்த மண்குவியலை நெருப்பில் இளக்கிக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

“விடுங்க மச்சான், கோடையில மூடிக்கலாம்.”

“அதுவரைக்கும் எம்பொண்ண விட்டுவைக்குமாடா?”

அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன். நானும் மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு நாளில் மூடி முடித்தோம். நான்காம் நாள் விமானம் வந்து மாயிஸை ஏற்றிச் சென்றது. அதற்குள் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

“மூடின மண்ணு சீக்கிரமா இளகிடும், அதையே தோண்டிடலாமே” என்றாள் அக்சீனா.

“அதுக்கு அவரக் குடுக்கமாட்டேன்!” என்று கத்தினேன். தள்ளி வேறோர் இடத்தில் ஐந்து நாள் விறகு எரித்துத் தனியாகவே வெட்டினேன்.

மாயிஸ் தேறி ஜூனில் திரும்பினாள். அப்பாவைப் பார்க்கக் கூட்டிப்போனேன். போகும் வழியில் நான்காவது குழியின் மண் ஒரு சாண் உள்வாங்கிக் கிடந்தது, சரியாக ஓர் ஆள் நீளத்துக்கு. இரண்டு பேரும் அதை மிதிக்காமல் சுற்றிப்போனோம்.

அன்றிலிருந்து கோடைதோறும் மண் சுமந்து போடுகிறேன். அடுத்த கோடையில் மறுபடி உள்வாங்கியிருக்கிறது. எனக்கும் எழுபத்தொன்று ஆகிவிட்டது. போன வாரம் மாயிஸிடம், “வெட்டினவன் நான். என்னை அந்தக் குழியிலயே போட்டுடும்மா” என்றேன்.

அவள் திடுக்கிடுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். யோசிக்காமல் “சரி மாமா” என்றாள். இத்தனை வருடமும் நான் அப்படிச் சொல்லத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.