அவர் காதில் சொன்ன மந்திரம்

என் வீட்டுக்காரர் தியானம் கற்றுக்கொள்ளப் போனது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. அதுவரைக்கும் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். வேலையை விட்டதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில், எங்கள் தெருவிலேயே நூல் கடை வைத்திருந்த ஒருவர், காலையில் தன் வீட்டு மாடியில் நாலு பேருக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பார். இவரும் அங்கே போனார். கொஞ்ச நாளில் அந்த நூல்கடைக்காரர் இவர் காதில் ஒரு மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். அதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாதாம். பெண்டாட்டியிடம்கூடக் கூடாதாம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்தவள் இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் இவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் எனக்குத் தெரியாத ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது பிடிக்கவில்லை. அர்த்தமாவது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு மந்திரம் எல்லாம் தேவைப்பட்டதில்லை. மாரியம்மனிடம் நேராகவே பேசுவேன். மகனுக்குப் பெண் அமைய வேண்டும், கம்பெனிக்கு ஆர்டர் வர வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் வற்றக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருவேன். சில சமயம் சண்டையும் போடுவேன்.

ஒருநாள் விடியற்காலையில் இவர் பாயை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் புள்ள. சும்மா எம்பக்கத்துல வந்து உக்காரு."

"நானு உக்காந்துட்டா இட்லி ஆரு ஊத்தறதுங்க மாமா? உங்க மந்திரத்துல வர்ற சாமியே வந்து ஊத்துமா?"

சிரித்தார். மறுபடியும் கூப்பிடவில்லை.

போன வருசம் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் எழுந்து சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில் மட்டும் வாயில் வராது. விடிகிற நேரத்தில் மட்டும் தவிப்பார். இடது கையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் நகரத் தொடங்கும். முன்பெல்லாம் அப்படித்தான் மந்திரத்தை எண்ணுவார். இப்போது முதல் கணுவிலேயே விரல் நின்றுவிடும். திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிற்கும்.

மந்திரம் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயிலிருந்து போன வார்த்தைகளோடு அதுவும் உள்ளேயிருந்து போய்விட்டது என்று புரிந்தது.

நான் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மந்திரம் என்றால் ஏதோ ஒரு சாமியுடையதாகத்தானே இருக்கும்? இவர் தைப்பூசத்துக்குத் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். முருகனைத் தவிர வேறு யாராக இருக்கும்? காதருகே குனிந்து "ஓம் சரவணபவ" என்றேன். வேறு யாருடைய மாத்திரையையோ கொண்டுவந்து நீட்டியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என் உச்சரிப்புதான் சரியில்லையோ என்று மகனிடம் சொன்னேன். அவன் செல்போனில் சரவணபவ ஓயாமல் ஓடும்படி போட்டு, தலைமாட்டில் வைத்தான். இடது கையால் அதைத் தட்டிக் கீழே விட்டார்.

"அப்பனுக்கு முருகன் மேல என்னம்மா கோவம்?" என்றான் மகன்.

பிறகு நமசிவாய சொன்னேன். ஓம் சக்தி சொன்னேன். கோயில் மைக்கில் கேட்டதை வைத்துப் பிள்ளையார் மந்திரத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாத சாமி எது?

நூல்கடைக்காரர் அதற்குள் கடையை விட்டுவிட்டு, சொந்த ஊரான மடத்துக்குளத்தில் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டதற்கு, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்றார். நான் உடுமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி அவர் வீட்டுக்கே போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். விவரத்தைக் கேட்டு வருத்தப்பட்டார். காதில் சொன்னதை இவர் காதிலேயேதான் திரும்பச் சொல்ல வேண்டும், காலையில் தானே வருவதாகச் சொன்னார். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முருகன் மந்திரந்தானுங்களே? அது மட்டும் சொல்லுங்க சாமி."

"இல்லீங்கம்மா."

எந்த மந்திரமானாலும் ஒரு சாமியைக் கூப்பிடுகிற விதம்தான் என்று விளக்கினார். சரவணபவ என்றால் முருகன் மனதில் வந்து நிற்பார், நமசிவாய என்றால் சிவன். அதனால் யாருக்கு எந்தச் சாமிமேல் பிரியம் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாராம். இவரிடமும் கேட்டிருக்கிறார்.

"இதுவரைக்கும் நானு ஒண்ணுமே கேக்காத சாமி ஏதாச்சும் இருந்தா அதைக் குடுங்கன்னாரு. முருகன் மொகத்தையும் அம்மன் மொகத்தையும் பாத்தாலே அடுத்து என்ன கேக்கறதுன்னுதான் தோணுதுங்களாம். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சுன்னாரு."

எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படம்கூடக் கிடையாது. காலண்டரில் வந்தால்தான் உண்டு. நாராயணன் மந்திரத்தைத்தான் கொடுத்ததாக அவர் சொன்னார். எல்லா உயிரும் தங்குகிற இடம் அவர், அவருக்கு வணக்கம், நான் அவரைச் சேர்ந்தவன், இதுதான் அதன் அர்த்தம் என்றார். அதில் வேண்டுதல் எதுவும் கிடையாதாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. சலித்துப்போய்விட்டது என்று இவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பழனிக்குப் போகும்போதெல்லாம் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியது நான்தான். கால் கொப்பளத்தோடு வந்தவரிடம், முதலில் அதைச் சொன்னீர்களா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் அவர் வந்து இவர் காதில் சொன்னார். நான் அறைக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டைவிரல் முதல் கணுவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, அப்படியே போய்க்கொண்டிருந்தது. முகம் தெளிந்துவிட்டது.

போகும்போது, இனி மறந்தால் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்கும் உத்தரவு கொடுத்தார். மெதுவாகச் சொல்லுங்கள், எதையும் கேட்காமல் சொல்லுங்கள் என்றார்.

தினமும் விடியற்காலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஓம் நமோ நாராயணாய. விரல் நகரும். ஆனால் எனக்குக் கேட்காமல் சொல்லத் தெரியவில்லை. வாய் மந்திரத்தைச் சொல்லும், உள்ளே வேறொன்று ஓடும். இவர் எழுந்து நடக்க வேண்டும். இவர் வாயால் புள்ள என்று ஒருதடவை கூப்பிட வேண்டும். அடக்க அடக்க அதிகமாக வந்தது. சில நாள் இவர் கண்ணைத் திறந்து என்னையே பார்ப்பார். கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆடி பிறந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் மூச்சு வேறு மாதிரி இழுத்தது. மகன் தண்ணீர் எடுக்க ஓடினான். நான் காதோடு வாயை வைத்தேன். இந்த ஒரு தடவையாவது சுத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஓம் நமோ நாராயணாய என்றேன். விரல் ஒரு கணு நகர்ந்தது. இன்னொரு தடவை சொன்னேன். அதோடு சேர்ந்து, "போயிராதீங்க மாமா" என்பதும் வந்துவிட்டது.

விரல் அதற்குமேல் நகரவில்லை. கடைசியாக அவருக்குக் கேட்டது நாராயணன் பேரா, நான் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.