அவர் தூக்கிய கை

எங்கள் தீவில் லாமி என்ற ஊரில் குடியிருந்துகொண்டு ஓர் ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் வேலை பார்த்தேன். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று மெஷின் வைத்துச் சோதிப்பது என் வேலை. எங்கள் டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். செவிப்பறையில் ஓட்டை விழுந்து வருடக்கணக்கில் சீழ் வடிகிறவர்களுக்கு, காதுக்கு மேலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை அடைப்பார். ஓராண்டு கழித்து மறுபடி சோதித்தால்தான் அந்த ஆபரேஷன் நிலைத்ததா என்று தெரியும்.

அந்த ஓராண்டுக்குள் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அந்தப் பயத்தில், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி நோயாளிகள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பினார்கள். பிறகு டாக்டரும் வெளிநாட்டுக்குக் கிளம்பினார். பெயர்ப் பட்டியலை என் மேஜையில் வைத்து, முடிந்தவரை சோதித்து எழுதி அனுப்பச் சொன்னார்.

சனிக்கிழமைகளில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். நாடி என்ற ஊரில் இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்னொன்றில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். முதுகுவலியோடு திரும்பி வருவேன்.

சிகடோகாவில் ஒருவர் இருந்தார். ஆற்றோரத்தில் கத்திரியும் தக்காளியும் போடுகிறவர். அவருக்கும் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் நியூசிலாந்தில் இருக்கும் மகளிடம் போகிறார். மனைவியிடம் இந்தியில் பேசியவர், என்னிடம் தன் அப்பா காலத்துத் தமிழில் பேசினார்.

பெட்டிகள் கட்டிக் கிடந்த அறையில் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டினேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தூக்கினார். மிக மெல்லிய சத்தத்துக்கும் தூக்கினார். எனக்குச் சந்தேகம் வந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பொத்தான்மேல் விரலை மட்டும் வைத்தேன். அப்போதும் கை உயர்ந்தது.

"அண்ணே, என் விரலப் பாக்குறீங்க."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"என்னா செய்யச் சொல்ற தங்கச்சி? டாக்டரு எம்மாம் பாடுபட்டு செஞ்சாரு. போன எடத்துல எங் காதால அவருக்குக் கெட்ட பேரு வரலாமா?"

"திரும்ப வடியுதா?"

"மூணு மாசமா."

"வந்து காட்டியிருக்கலாமே?"

"யாருகிட்ட? டாக்டருதான் பூட்டாரே."

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். பழைய இடத்திலேயே ஓட்டை. அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்து, முதலிலிருந்து சோதித்தேன். இந்தமுறை கை அதிகம் உயரவில்லை.

"அப்ப நான் ஒன்னுத்துக்கும் ஒதவல," என்றார்.

"ஒதவுதுண்ணே. சரியாவலன்னா அதுவும் டாக்டருக்குத் தெரியணும். இல்லாட்டி அடுத்த ஆளுக்கும் இதே கதிதான்."

சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்க போனா திரும்ப ஆபரேஷன் செய்வாங்களா?"

"செய்வாங்க," என்று சொல்லி, ஆபரேஷன் விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தார். இனி யார் பறிக்கப்போகிறார்கள் என்று அவர் மனைவி ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொடுத்தனுப்பினார்.

டாக்டருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இத்தனை பேரைத் தவறவிட்டபின் இதை ஆய்வென்று சொல்ல முடியாது, விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார். அங்கே டாக்டராக வேலை செய்ய அவரே மறுபடி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாராம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

பட்டியலில் இன்னும் நான்கு பேர் மிச்சமிருந்தார்கள். ஆய்வு நின்றாலும் அவர்கள் காதை யாராவது பார்க்க வேண்டுமே. அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி பஸ் ஏறினேன்.