அழுகைக்குக் கிடைக்காத விருது

சினிமா விருதுகள் அறிவிக்கிற நாளில் எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரு பந்தயம் உண்டு. அந்த வருடத்தின் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை யார் என்று எங்கள் மனசுக்குப் பட்டதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வோம். அறிவிப்பு வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்போம். யாருடைய பட்டியல் விருதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அவள்தான் தோற்றவள். ரசனை கெட்டுப்போனதற்குத் தண்டனையாக அடுத்தவளுக்கு ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கித் தர வேண்டும். பதினேழு வருடத்தில் நான் இரண்டே முறைதான் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு முறை நடுவர்கள் தவறிப்போய் நல்ல நடிகரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

உத்தமபாளையத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் கம்பத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிற ராவுத்தர் வீட்டுப் பெண். மேலே படித்துக் கல்லூரியில் தமிழ் ஆசிரியை ஆனாள். நான் படிப்பை அத்தோடு நிறுத்திவிட்டு, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டேன். படம் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ரம்ஜான் மாதம் அவள் தியேட்டருக்கு வரமாட்டாள். அந்த மாதத்துப் படங்களை நான் பார்த்துவிட்டு வந்து அவளுக்குக் கதையாகச் சொல்வேன். நீ சொன்ன அளவுக்குப் படம் இல்லை என்று பிறகு பார்த்துவிட்டுத் திட்டுவாள்.

விருது வாங்குகிற படங்களின் மேல் எங்களுக்கு அப்படி ஒரு கடுப்பு. அந்தப் படங்களில் கதாநாயகி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஐந்து நிமிடம் நிற்பாள். எனக்கு மழை என்றால் கொடியில் காய்கிற துணிதான் ஞாபகத்துக்கு வரும். இவள் என்ன, எடுக்கவே போகமாட்டேன் என்கிறாளே என்று தோன்றும். சிநேகிதி என் காதில், "துணி நனைஞ்சிருச்சுடி" என்பாள். சத்தமாகச் சிரித்து, முன்வரிசை ஆட்களிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

போன வருடம் ஒரு சின்னப் படம் வந்தது. கம்பத்தில் நான்கு நாள்தான் ஓடியது. புருஷன் செத்துப்போன ஒருத்தி தினமும் ஜீப்பில் மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிற கதை. அதுவரை சிரிப்பு வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஒரு நடிகை அதில் நடித்திருந்தார். ஒரு காட்சியில் ஜீப் வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். திடீரென்று அவள் அழ ஆரம்பிப்பாள். அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுக, வாய் கோண, ஓவென்று அழுவாள். பக்கத்தில் இருக்கிற பெண்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விடுவார்கள். தியேட்டரில் பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் சிநேகிதியும் அழுதுகொண்டிருந்தாள்.

என் அம்மா இருபது வருடம் அப்படிப்பட்ட ஜீப்பில்தான் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி வேலைக்குப் போனாள். எனக்கும் என் தங்கைக்கும் சாப்பாடு, படிப்பு, கல்யாணம் எல்லாம் அதிலிருந்துதான். படம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சிநேகிதியிடம் சொன்னேன்.

"எங்கம்மா ஒருநா கூட அழுததில்லடி. எங்கப்பா செத்தப்பக்கூட அழல. அது அழாம விட்டதையெல்லாம் சேத்து இவ அழுதுட்டா."

அவள் பஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் சிறந்த நடிகை என்ற இடத்தில் இருவரும் அந்தப் பெயரையே எழுதினோம். விருதுக்காரர்கள் அவரைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. மதுரையில் ஒரு கலை அமைப்பு வருடா வருடம் கொடுக்கிற சினிமா விருதுக்கு என் சிநேகிதியை நடுவராகக் கூப்பிட்டார்கள். மொத்தம் ஐந்து நடுவர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழு வருடமாக நாங்கள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோமோ, அந்த நாற்காலியில் எங்கள் ஆளே போய் உட்காரப்போகிறாள். அவளுடைய பயோடேட்டாவை நானே நல்ல தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவரிடம்கூடச் சொன்னேன்.

முடிவு வந்தது. சிறந்த நடிகை விருது, வழக்கம்போல அந்த வருடமும் ஒரு படத்தில் ஜன்னலில் நின்று மழை பார்த்தவருக்கு. எனக்கு முதலில் சிநேகிதியை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. உடனே போன் செய்தேன்.

"விடுடி. நாலு பேரு ஒண்ணு சேந்தா நீ ஒருத்தி என்ன பண்ணுவ?"

"ம்" என்றாள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக்கூடாதாம். நான் ஆறுதல் சொல்லச் சொல்ல, அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, விழாவில் அவள் பேசிய வீடியோவை அவளே எனக்கு அனுப்பினாள். எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல் என்று கீழே எழுதியிருந்தாள். கடையில் ஆதார் அட்டையோடு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் காட்டலாம் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பட்டுப்புடவையில் நன்றாகத்தான் இருந்தாள். தேர்வு செய்த விதத்தை விளக்கிக்கொண்டே வந்தவள், எங்கள் படத்துக்கு வந்தாள். "அந்தப் படத்தில் கண்ணீர் அதிகம். ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கணவர் இறந்தபோதுகூட அந்த அம்மா அழவில்லை என்று அவருடைய மகளே என்னிடம் சொன்னார். உழைக்கும் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். படத்தில் நாம் பார்த்தது வெறும் சினிமா அழுகை. அதற்கு விருது தர என் மனம் ஒப்பவில்லை."

கூட்டம் கைதட்டியது. கடையில் நின்ற ஒருவர், "நல்லாப் பேசுறாக" என்றார். நான் சத்தத்தைக் குறைத்தேன். அந்த நாலு பேரிடம் அவள் சண்டை போட்டுத் தோற்றுப்போனாள் என்று நினைத்திருந்தேன். அவள் சண்டையே போடவில்லை. அந்த நடிகையை அடிக்க என் அம்மாவைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எடுத்துக் கொடுத்தவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் நேராகக் கம்பத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். பேச்சு எப்படி என்று கேட்டாள்.

"எங்கம்மாவ எதுக்குடி அங்கன இழுத்த?"

"பேரு சொல்லலையே. பெருமையாத்தானே சொன்னேன்?"

"நீயும்தான அன்னைக்கு அழுத?"

அவள் முகம் மாறியது. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கன உக்காந்திருந்தவுக எல்லாம் பெரிய ஆளுக. வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போயிட்டு வந்தவுக. அந்தப் படத்துப் பேர எடுத்ததுமே சிரிச்சாக. நான் அழுதேன்னு அவுககிட்ட எப்படிச் சொல்றது? எனக்கும் ஏதாவது ஒண்ணு சொல்லத் தெரியும்னு காட்டணும்ல."

வெட்கப்பட்டேன் என்று அவள் நிறுத்தியிருந்தால் மன்னித்திருப்பேன். நானும் எனக்குப் பிடித்த எத்தனையோ படங்களை, படித்தவர்கள் முன்னால் பிடிக்காத மாதிரி காட்டிக்கொண்டவள்தான். ஆனால் தன் வெட்கத்தை மூட அவள் எடுத்துப் போர்த்திக்கொண்டது என் வீட்டுத் துணியை. அவள் போட்ட டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் அந்த ஜீப் காட்சியை மட்டும் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள்.

"எடம் விட்டு உக்காருறாளுக பாரு. நாங்களும் அப்படித்தான் விடுவோம்" என்றாள்.

"எப்பம்மா?"

"எவளாச்சும் அழுகையில. மெட்டு ஏறுற வரைக்கும் அழுதுக்கிருவோம். தோட்டத்துல அழுதா கங்காணி ஏசுவாக. வீட்டுல அழுதா நீங்க பயந்துருவீக. ஜீப்புதான் தோது."

"நீயுமா?"

"உங்கப்பா செத்துப்போன வருசம் பூரா என் மொறதான்." மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொல்லி?" என்றாள்.

இதை எழுதலாமா என்று பிறகொரு நாள் அம்மாவிடம் கேட்டேன். எழுதிக்கோ என்றாள்.

அம்மா ஜீப்பைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு எனக்குக் கை துறுதுறுத்தது. அந்த நடிகை செய்தது அத்தனையும் நிஜம். மேடையில் சிநேகிதி சாட்சிக்கு இழுத்த அதே அம்மாதான் இப்போது அவருக்குச் சாட்சி. ஒரு போன் போட்டால் போதும், அவள் வாயடைத்துப்போவாள். போனில் அவள் பெயரை எடுத்து அழுத்தக்கூடப் போய்விட்டேன். பிறகு போனைக் கீழே வைத்தேன். சொன்னால் அவள் நிச்சயம் அழுவாள். என் கையைப் பிடித்துக்கொள்வாள். அடுத்த மேடையில் இதையும் சொல்வாள், பெயர் சொல்லாமல், பெருமையாக.