உள்ளே விடாத ஒரு இன்ச்

காலை ஒன்பது இருபது. மாடிப்படி வளைவில் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி தங்க நிற ஹீல்ஸ். அதைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஒரு பெண் என் தையல் கடைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், போன ஆவணியில் நடந்தது இது.

முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பலரை ஒரே வீட்டில் அடைத்துவைத்துக் காட்டும் டிவி நிகழ்ச்சியில் வந்தவர். கீழ்த்தளத்தில் புதுத் துணிக்கடையைத் திறந்துவைக்க வந்திருந்தார்.

என் கணவர் கத்தாரில். மகள் திருச்சியில், விடுதியில். குரும்பலூர் வீட்டில் நான் மட்டும்தான். அந்த நிகழ்ச்சி ஓடிய மாதங்களில், டிவியில் அவர் தட்டோடு உட்காரும்போதுதான் நானும் சாப்பிட உட்காருவேன். அவருக்கு ஓட்டும் போட்டேன்.

அதன் பிறகு அவர் பருத்துவிட்டதாக எல்லோரும் பேசினார்கள். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு அந்தக் கடை வாசலில் அவர் படம் போட்ட பேனர் கட்டியபோது, அதைப் படமெடுத்து எங்கள் தையல்காரப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு நானும் எழுதினேன்: "இதுக்கு ப்ளவுஸ் பத்தாது, பந்தல்தான் போடணும்." சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு என் போன் விடாமல் சத்தமிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

"அக்கா, ப்ளவுஸ் ஹூக் மாட்டவே மாட்டேங்குது. பத்தரைக்கு ரிப்பன் வெட்டணும். இப்படியே போனா அதத்தான் வீடியோ எடுப்பாங்க" என்றார்.

எங்கள் பக்கம் ப்ளவுஸ் தைத்தால் இருபக்கமும் உள்ளே ஒரு இன்ச் துணி விடுவோம். உடம்பு பூசினால் பிரித்துக்கொள்ளலாம். அவருடையதைத் திருப்பிப் பார்த்தேன். தையலை ஒட்டியே வெட்டியிருந்தது.

"என்னம்மா, தச்சவங்க உள்ள துணியே விடலையே?"

"நான்தாங்க்கா விடாதீங்கன்னேன். எடம் இருந்தா உடம்பு வந்துரும்னு."

புடவையில் உள்ளே செருகும் முனையிலிருந்து இரண்டு பட்டை வெட்டினேன். அக்குளுக்குக் கீழே ஒட்டுப்போட்டால் வெளியே தெரியாது. என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கீழே யாரோ கத்தினார்கள்: "எங்கடா ஆளு? மேக்கப்பு இன்னும் காயலையா?" ஒரே சிரிப்பு. அவர் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"இட்லி இருக்கும்மா, ரெண்டு சாப்பிடுங்க."

டப்பாவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். "நேத்து மத்தியானத்துலேர்ந்து தண்ணிதாங்க்கா. முடிச்சிட்டு வந்து சாப்பிடறேன்."

அப்போது மிஷின் மேல் கிடந்த என் போன் ஒளிர்ந்தது. பேனர் படம். அதன் கீழே குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, நீங்க சொன்ன பந்தல் இன்னிக்கு உங்க கடைக்குக் கீழயே வருதாம்ல!"

அவர் படித்தார். படித்ததை நானும் பார்த்தேன். போனை எடுத்து, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்துவைத்தார். நான் பெடலை மிதித்தேன்.

தைத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மன்னித்துவிடுங்கள் என்று. "கையத் தூக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஹூக் மாட்டிற்று. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று இறங்கினார். படி வளைவில் நின்று ஹீல்ஸைப் போட்டுக்கொண்டார். கடைசிப் படியில், டிவியில் நான் பார்த்த அதே சிரிப்பு அவர் முகத்துக்கு வந்தது. கூட்டம் விசிலடித்தது.

மத்தியானம் வரை டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தேன். அவர் வரவில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் என் வரியை அழிக்கப் போனேன். நான்கு நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது. மற்ற முப்பத்தொரு பேரின் போனில் அது இருக்கிறது.