யார் சொன்ன வாக்கியம்

பர்கத்துல்லாவின் இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினேன். வலது கை ஒரு தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தது. பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. 180க்கு 110.

அது 2010, மழைக்காலம். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர் வீடும் என் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்.

அவர் இருபது வருடம் டியூஷன் எடுத்தவர். பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்கு வெளிநாட்டுச் செய்திகளைப் பர்மிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். வாத்தியார் புத்தி மட்டும் போகவில்லை. வாசகருக்குப் புரியாது என்று தோன்றினால் சொந்தமாக ஓர் உதாரணம் சேர்த்துவிடுவார். பத்திரிகை ஆசிரியரும் கண்டுகொண்டதில்லை.

அந்த வாரம் ஐரோப்பிய நாடொன்றின் நாடாளுமன்ற விவாதம். எங்கள் வரவு செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றது ஒரு கட்சி. பொது நாணயம் வேண்டுமென்றால் பக்கத்து நாடுகளும் எட்டிப் பார்க்கத்தான் செய்யும் என்றது இன்னொன்று. நடுவே பர்கத்துல்லா ஒரு வரி நுழைத்திருந்தார்: "சோற்றுப் பானையை மூடியே வைத்திருக்கும் வீட்டில் மிச்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?"

அச்சுக்கு முன் எல்லாப் பக்கமும் ராணுவ அரசின் தணிக்கைக்குப் போகவேண்டிய காலம். அந்த வரி சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுத் திரும்பியது. இதைச் சொன்னது யார்? நாளை பத்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நம் நாட்டின் வரவு செலவை யாரும் வெளியில் காட்டாத நாட்கள் அவை. எந்தப் பானை என்று விளக்க வேண்டியதில்லை. போன வருடம் இப்படிக் கேள்வி வந்த ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

வெளிநாட்டு உறுப்பினர் பேசியதாக எழுதிவிடும்படி ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். மனைவி ஹாஜராவுக்கும் அதே யோசனை.

"வெள்ளைக்காரன் சொன்னான்னு எழுதுங்க. அவனைப் புடிக்க இங்கேருந்து யாரும் போகப்போறதில்ல."

"அவன் ரொட்டி திங்கிறவன், ஹாஜரா. சோத்துப் பானைன்னு எப்படிச் சொல்வான்?"

அவள் சிரிக்கவில்லை. பொய் வெளிப்பட்டால் ஆசிரியரும் மாட்டுவார், பத்திரிகையும் போகும் என்றார் அவர்.

"எதுவோ ஒண்ணு, இப்பவே முடிவு பண்ணுங்க தம்பி," என்றேன். "யோசிக்க யோசிக்க இந்தப் பிரஷர் ஏறத்தான் செய்யும்."

மறுநாள் காலை, அந்த வரி தன்னுடையது, உறுப்பினருடையதோ ஆசிரியருடையதோ அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஹாஜரா ஒரு கைலியும் துண்டும் பிரஷ்ஷும் பையில் வைத்தாள். நான் பதினைந்து நாள் மாத்திரையைக் கட்டி, எதை எப்போது கொடுப்பது என்று பர்மிய மொழியில் எழுதி அவர் சட்டைப்பையில் செருகினேன். அந்தப் பதிலைத் தணிக்கை அலுவலகத்தில் கொடுக்க, மூவரும் கியாக்டடா போகும் பஸ்ஸில் ஏறினோம்.