மடக்கினால் குறுக்கே போகும் விரல்

மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? நாமகிரிப்பேட்டை சாலையில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், எங்கள் செவலை மாடு மிரண்டு ஓடியது. கயிற்றோடு என் வலது மோதிர விரலும் முறுக்கிக்கொண்டது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கையை நேராக வைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "லேசான விரிசல்தானுங்க" என்று பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி அனுப்பினார்கள். நீட்டினால் விரல் நேராகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

வீட்டுக்காரர் பால் கறக்கப் போய் உதை வாங்கினார். என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு போன பிறகுதான் மாடு நின்றது, அதுவும் அரைப் பால்தான் விட்டது. "உன்ற கை இல்லாட்டி இந்த மாட்ட வித்தர வேண்டியதுதான் புள்ள" என்றார்.

வீக்கம் வடிந்ததும் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்துக் கையை மடக்கினேன். மோதிர விரல் சுண்டு விரலின் மேல் ஏறி உட்கார்ந்தது. இந்தக் கையால் எப்படிக் காம்பைப் பிடிப்பது?

சேலத்தில் எலும்பு மருத்துவரம்மா மறுபடி படம் எடுக்கச் சொன்னார்: நேராக, பக்கவாட்டில், சாய்வாக. நேர்ப்படத்தில் மயிரிழைக் கோடுதான். பக்கவாட்டுப் படத்தில் அதே எலும்பு திருகிப் பிளந்து, நுனித்துண்டு நழுவிக் கிடந்தது.

"இது நிலையற்ற முறிவுங்க (கட்டுப் போட்டாலும் இடத்தில் நிற்காத முறிவு). ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும். விரல் திரும்பியிருக்கறது படத்துல சரியாத் தெரியாது, மடக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"மறுக்காப் பால் கறக்க முடியுங்களா?"

"வலிக்குதுன்னு மடக்காம உட்டீங்கன்னா முடியாதுங்க."

உங்களுக்கும் கையில் அடிபட்டால், ஒரு படத்தோடு திரும்பிவிடாதீர்கள். "இன்னொரு பக்கமும் எடுங்க" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மடக்கும்போது விரல் குறுக்கே போகிறதா என்று மருத்துவரிடமே காட்டுங்கள்.

அறுவை சிகிச்சையைவிடப் பிறகு செய்த பயிற்சிதான் உயிரை வாங்கியது. வெந்நீரில் கையை வைத்து மடக்குவேன், திட்டுவேன், மறுபடி மடக்குவேன். முன்பெல்லாம் எனக்குக் கை என்று ஒன்றுதான் இருந்தது. இப்போது ஐந்து விரல்களையும் தனித்தனியாகத் தெரியும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு விடியலில் மாட்டின் அருகே உட்கார்ந்தேன். காம்பைச் சுற்றி ஆள்காட்டி விரல் மடங்கியது, நடு விரல் மடங்கியது. மோதிர விரலுக்காகக் காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. மெதுவாக, ஆனால் நேராக வந்து சேர்ந்தது. போசிப் பாத்திரத்தில் பால் பீய்ச்சிய சத்தம் கேட்டதும் அழுதுவிட்டேன்.