கனவுக்குள் இறங்கிய பெண்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், பக்கத்து மெஷினில் இருந்த செல்வியின் கை, தகடு அழுத்தும் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது நான்தான். ஆனாலும் அவளுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. அதன் பிறகு கண்ணை மூடினாலே, முகமில்லாத ஓர் உருவம் என்னைத் துரத்தும் கனவு வரும்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பழவேற்காட்டு மும்தாஜ் அக்கா ஒரு படக்கதைப் பைத்தியம். ஒருநாள் அவர் கையில் இருந்தது திகில் கதை. பிறருடைய கெட்ட கனவுகளுக்குள் இறங்கிப் பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாடி, பொம்மைக்கே பயந்துக்குற?" என்றார்.

என் கனவைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். அதில் அந்தப் பெண் ஓடுவதை நிறுத்தி, பேயின் முகத்துக்கு நேராக விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பேய்க்கு இருந்தது அவளுடைய தங்கையின் முகம்.

"உன்னைத் துரத்துறது யாரு?" என்று கேட்டார் அக்கா.

"செல்வி" என்று சட்டென வாயில் வந்துவிட்டது.

"அப்ப அவ ஊட்டுக்குப் போய்ப் பாரு. நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சோழவரம் போனோம். கதவைத் திறந்த செல்வி, கட்டுப்போட்ட கையாலேயே என்னை அணைத்துக்கொண்டாள்.

"லேட்டா அணைச்சிட்டேன் செல்வி" என்று அழுதேன்.

"லூசு, நீ அணைக்கலன்னா முழுக் கையும் போயிருக்கும். எப்போ வருவியோன்னு உன்னையே தேடிக்கினு இருந்தேன்" என்றாள்.

அன்று மதியம் அவள் வீட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். எந்தக் கனவும் வரவில்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தவளுக்குப் பயந்தா இத்தனை நாள் ஓடினேன் என்று நினைத்தபோது, சிரிப்புத்தான் வந்தது.